ஒரே சரிவு, ஒரே திராட்சை

பாரிஸிலிருந்து தென்கிழக்கே ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்தில் டிஜோன் வந்துவிடும். அங்கிருந்து தெற்கே போன் நகரத்துக்குச் சாலையில் நாற்பது கிலோமீட்டர். போகும் வழியெல்லாம் வலது கைப்பக்கம் ஒரு சரிவு கூடவே வரும். பெரிய மலை இல்லை. மேலே காடு, நடுவில் திராட்சைக் கொடிகள், கீழே சாலை. போனைத் தாண்டியும் தொடரும் இந்தச் சரிவின் மொத்த நீளம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். கொடிகள் நிற்கும் பட்டையின் அகலத்தைப் பல இடங்களில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நடந்தே கடந்துவிடலாம். பர்கண்டிப் பகுதியின் உயிர்நிலையான இந்தப் பட்டைக்குக் கோத் தோர் என்று பெயர். ஒயின் விளையும் நிலங்களிலெல்லாம் மிக நுட்பமானது இதுதான் என்பது என் முடிவு.

காரணம் இருக்கிறது. இங்கே சிவப்பு ஒயின் என்றால் பினோ நுவார் என்ற ஒரே திராட்சை. வெள்ளை என்றால் அநேகமாக ஷார்தொனே மட்டும். போர்தோவில் கபர்னே சோவிஞோன், மெர்லோ என்று இரண்டு மூன்று வகைகளைக் கலந்து ஒன்றின் குறையை இன்னொன்றால் நிரப்புவார்கள். பர்கண்டிக்காரருக்கு அந்த வழி கிடையாது. சரிவு நெடுக ஒரே கொடிதான். ஆனால் ஒரு வரப்பு தாண்டினால் ஒயின் மாறுகிறது. அப்படி மாறும் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப் பெயர் வைத்து, எல்லை குறித்து, நூற்றாண்டுக் கணக்கில் காத்து வந்திருக்கிறார்கள். கிளிமா எனப்படும் இந்தத் துண்டுகள் 1,247. யுனெஸ்கோ 2015-இல் இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நம்ப முடியவில்லை என்பவர்கள் நம் ஊர்க் கிணறுகளை நினைத்துப் பார்க்கலாம். ஒரே தெருவில் நாலு வீடு தள்ளி வெட்டிய இரண்டு கிணறுகளில் ஒன்று உப்புக் கரிக்கும். மற்றதில் பருப்பு பூவாக வேகும். குடிக்க எது, துவைக்க எது என்று வீட்டுப் பெண்கள் நாக்கிலேயே கணக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கூர்மையை ஒரு ஊர்க்கூட்டம் தொள்ளாயிரம் ஆண்டு விடாமல் திராட்சையின்மேல் வைத்திருந்தால் என்ன ஆகுமோ, அதுதான் கோத் தோர்.

நாங்கள் நால்வர் போனோம். பாரிஸில் வாழும் நண்பர், புதுச்சேரிக் குடும்பத்தவர், பிரெஞ்சும் தமிழும் ஒரே மூச்சில் பேசுபவர். அவருடைய மனைவி, மதுவைத் தொடாதவர். கார் ஓட்டும் பொறுப்பு அவருடையது. திருச்சியில் கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுக்கும் நண்பர். எங்களுக்கு அவர் வாத்தியார். பிறகு நான். மார்ச் மாதக் கடைசியைத் தேர்ந்தெடுத்தோம். செப்டம்பரில் அறுவடை நடக்கும்போது எவருக்கும் விருந்தினரைப் பார்க்க நேரமில்லை. நவம்பரில் போன் நகர ஒயின் ஏலத்தையொட்டி ஊரே திணறும். மார்ச்சில் முந்தைய ஆண்டின் ஒயின் பீப்பாய்களில் உறங்குகிறது. தோட்டத்தில் வேலை நடக்கிறது. நிலவறைக்காரர்களுக்கும் பேசப் பொழுது கிடைக்கிறது. ஏழெட்டு ஹெக்டேர் நிலத்தைப் பத்திருபது இடங்களில் சிதறலாக வைத்திருக்கும் சிறு குடும்பங்களிடம்தான் போக வேண்டும் என்பதில் பாரிஸ் நண்பர் உறுதியாக இருந்தார். வாரங்களுக்கு முன்பே கடிதம் எழுதி நேரம் கேட்டு வைத்தார். ஒரு நாளைக்கு இரண்டு நிலவறைக்கு மேல் கூடாது என்பதும் அவர் வைத்த விதி. அதற்கு மேல் போனால் நாக்கு எதையும் வாங்காது.

நிலவறைக்குள் இறங்குமுன் மண்ணைப் பார்க்க வேண்டும் என்றார் வாத்தியார். வூஜோ கிராமத்துக்கு மேலே ஒரு கல்மதிலோரம் காரை நிறுத்தினோம். அவர் குனிந்து கைப்பிடி அளவு கல்லொன்றை எடுத்துத் துடைத்தார். அதில் கடல் உயிர்களின் ஓடுகள் நெருக்கமாகப் பதிந்திருந்தன. ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் ஆழமில்லாத வெப்பக்கடல். சிப்பிகளும் கடல் அல்லிகளும் மடிந்து படிந்து சுண்ணாம்புக்கல்லாக இறுகின. "அரியலூர்ல நம்ம பசங்களுக்குக் காட்டுறதும் கடல்தான். ஆனா அது இதுக்குப் பல கோடி வருஷம் இளையது" என்றார். பின்னாளில் கிழக்கே சோன் நதிப் பள்ளத்தாக்கு கீழே இறங்க, விளிம்பு உடைந்து, வெவ்வேறு வயதுப் பாறை அடுக்குகள் படிக்கட்டு படிக்கட்டாக வெளியே வந்தன. கெட்டிச் சுண்ணாம்புக்கல், அதற்கடுத்துக் களிமண் கலந்த சுண்ணாம்பு மண், மறுபடி கல். மேலிருந்து கீழே நூறு மீட்டர் இறங்குவதற்குள் வேர் சந்திக்கும் உலகம் பலமுறை மாறிவிடுகிறது.

ஒயினில் கல்லின் சுவை ஏறுகிறது என்று ரசிகர்கள் பலர் சொல்வதுண்டு. வாத்தியார் அதை ஏற்கவில்லை. "பாறை கரைஞ்சு வேர் வழியா பழத்துக்குப் போறதில்ல. மண்ணு எவ்வளவு தண்ணியப் பிடிச்சு வைக்குது, எவ்வளவு சீக்கிரம் விடுது, எவ்வளவு சூடாகுது, அதான் விஷயம்." எனக்கும் இதுவே சரியாகப் படுகிறது. சரிவின் உச்சியில் மண் மெலிந்து காற்று குளிர்ந்திருக்கும், பழுக்கத் தாமதமாகும். அடியில் மண் ஆழமாகித் தண்ணீர் தேங்கும். குளிர்காற்றும் இரவில் அங்கேதான் வந்து உட்காரும். நடுச்சரிவில் தண்ணீர் வடியும், காலை வெயில் நேராக விழும், கொடி கொஞ்சம் தவித்துக் கொஞ்சம் செழிக்கும். உயர்ந்த தரமான கிரான் க்ரூ நிலங்கள் பெரும்பாலும் அந்த நடு இடுப்பில்தான் இருக்கின்றன. கோத் தோர் முழுமைக்கும் அவை 32-தான். அதற்கு அடுத்தது ப்ரெமியே க்ரூ, பிறகு கிராமப் பெயர் தாங்கியவை, அதன் பிறகு வெறும் பர்கண்டி. நாக்கு பல தலைமுறையாகக் கண்டறிந்ததை 1855-இல் லவால் என்ற மருத்துவர் நூலாக எழுதித் தரம் பிரித்தார். 1930-களில் வந்த சட்டம் அநேகமாக அந்தக் கோடுகளின் மேலேயே நடந்தது.

மதிலுக்கு உள்ளே ஒரு பெண்மணி கொடிகளை வளைத்துக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் கொடியை வெட்டும்போது ஒரு நீளக் கிளையை மட்டும் இந்த ஆண்டுப் பழத்துக்கும், ஒரு குட்டைக் கிளையை அடுத்த ஆண்டுக்கும் விடுவார்கள். மார்ச்சில் அந்த நீளக் கிளையைப் படுக்கவைத்துக் கட்ட வேண்டும். ஈரப்பதமான நாளில்தான் கட்டுவார்கள். காய்ந்த நாளில் வளைத்தால் முறிந்துவிடும். ஒரு ஹெக்டேரில் பத்தாயிரம் கொடிகள். ஒவ்வொன்றுக்கும் அவர் கை இரண்டு கணம் யோசிக்கிறது. எவ்வளவு வளையும், எங்கே நிற்கும் என்று விரலுக்குத் தெரிந்திருக்கிறது. இந்தக் கையைப் பார்க்காமல் கிண்ணத்தை மட்டும் ரசிப்பது அரைகுறை ரசனை.

முதல் நிலவறை வொல்னே கிராமத்தில். வீட்டுக்கு அடியில் கல் வளைவுகள், கருத்த பூஞ்சை படர்ந்த சுவர், தரையில் சரளைக் கல். பீப்பாய்கள் ஒவ்வொன்றும் 228 லிட்டர்; அதில் சுமார் முந்நூறு பாட்டில் தேறும். நிலவறையின் உரிமையாளர் அறுபதைத் தாண்டிய அம்மையார். நீண்ட கண்ணாடிக் குழலைப் பீப்பாயின் வாயில் விட்டு, மேல்முனையைக் கட்டைவிரலால் அடைத்து எடுத்து, எங்கள் கிண்ணங்களில் இரண்டு விரல் அளவு விட்டார். வெளியில் நாம் வெள்ளையில் தொடங்கிச் சிவப்புக்குப் போவோம். பர்கண்டி நிலவறைகள் பலவற்றில் சிவப்பு முதலில், வெள்ளை கடைசியில். புளிப்பு கூடிய வெள்ளைக்குப் பிறகு இளம் சிவப்பு ஒயினின் துவர்ப்பு கரடாகத் தெரியும் என்பார்கள். செய்து பார்த்தபின் இந்த வரிசையே எனக்குப் பிடித்துப்போயிற்று.

விழுங்க வேண்டியதில்லை. வாயில் வைத்து, காற்றை இழுத்து, எல்லா மூலைக்கும் அனுப்பி, சரளையில் துப்பிவிடலாம். கிண்ணத்தில் மிச்சம் இருந்தால் அம்மையார் அதைத் திரும்பப் பீப்பாய்க்குள்ளேயே ஊற்றினார். ஒரு துளியும் வீணாவதில்லை. பீப்பாயில் வெற்றிடம் விடுவதும் ஒயினுக்கு ஆகாது. முதலில் வாத்தியார் முகம் சுளித்தார், பிறகு காரணம் புரிந்து தலையாட்டினார். மது என்றாலே நிதானம் தவறுவது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அறைகளின் ஒழுங்கைக் காட்ட வேண்டும். மணிக்கணக்கில் நின்று, கவனமாக முகர்ந்து, குறைவாகப் பேசி, தெளிவாக வெளியே வருகிறார்கள்.

அம்மையார் இரண்டு பீப்பாய்களை அடுத்தடுத்துத் திறந்தார். ஒன்று வொல்னே, மற்றது பக்கத்துக் கிராமமான போமார். இரண்டும் ப்ரெமியே க்ரூ, ஒரே ஆண்டு, ஒரே கை, ஒரே மாதிரிப் பீப்பாய். நிலங்களுக்கு இடையே நடக்கும் தூரம்தான். வொல்னே மெல்லிய துணிபோல வாயில் படர்ந்தது. செர்ரிப் பழம், அதற்குப் பின்னால் ஏதோ மலர். போமார் முதல் நொடியிலேயே தோளைப் பிடித்து நிறுத்தியது. நிறம் அடர்வு, துவர்ப்பு கெட்டி, அடியில் இரும்பு நினைவூட்டும் ஒரு சுவை. போமார் மண்ணில் களியும் இரும்பும் கூடுதல், வொல்னேயில் சுண்ணாம்பு கூடுதல் என்பதை நான் பலமுறை படித்திருக்கிறேன். படித்தது அந்த நிமிடத்தில்தான் அறிவாயிற்று. தனித்தனியே வேறு வேறு நாளில் குடித்திருந்தால் இரண்டையும் நல்ல ஒயின் என்று மட்டும் சொல்லியிருப்பேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் ஒவ்வொன்றுக்கும் முகம் வந்தது.

ஆனால் அந்த முகத்தை நான் தனியாகக் கண்டுபிடிக்கவில்லை. பாரிஸ் நண்பரின் மனைவி, குடிக்காதவர், கிண்ணத்தை வாங்கி முகர்ந்தார். சுவையென்று நாம் நம்புவதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. ஆகவே அவர் எதையும் இழந்துவிடவில்லை. வொல்னேயை முகர்ந்து, "பன்னீர் ரோஜா அண்ணே, வாடுறதுக்கு முந்தின நாள் ரோஜா" என்றார். நான் ஏதோ மலர் என்று தடுமாறிக்கொண்டிருந்தது அதுதான். போமாரை முகர்ந்தவர் கொஞ்சம் யோசித்து, "பீட்ரூட் வேகவச்ச தண்ணி" என்றார். சொல்லலாமா என்று தயங்கியபடியே பாரிஸ் நண்பர் அதைப் பிரெஞ்சில் சொல்ல, அம்மையார் கைதட்டாத குறை. பினோ நுவாரில் அந்த மண்வாசம் நிஜமாகவே உண்டு. சரியாகப் பிடித்தீர்கள் என்றார். அதன்பின் ஒவ்வொரு பீப்பாயும் முதலில் அவரிடம்தான் போயிற்று.

நண்பர்களோடு போவதன் பெருமதிப்பு இதில் இருக்கிறது. ஒரு மூக்கு ஒரு சமயத்தில் இரண்டு மூன்று வாசனைகளைத்தான் பிரித்தெடுக்கும். நான்கு பேர் சேர்ந்தால் நான்கு வாழ்க்கைகளின் சமையலறையும் தோட்டமும் கோயில் பிரகாரமும் உதவிக்கு வருகின்றன. வாத்தியாருக்குக் கிராம்பும் புகையிலையும் உடனே தெரிந்தன. அவர் தாத்தா வீட்டில் வெற்றிலைப் பெட்டி இருந்தது. பாரிஸ் நண்பருக்குக் காட்டு ராஸ்பெர்ரி தெரிந்தது. எனக்கு அந்தப் பழம் பழக்கமில்லை, களாக்காய் என்றேன், அதன் புளிப்பை இருவரும் ஒப்புக்கொண்டோம். ஒருவர் சொன்னதும் மற்றவருக்குத் திறந்துகொள்கிறது. சில சமயம் கேட்ட பிறகும் தெரியவில்லை என்று ஒருவர் பிடிவாதமாக நின்றார். அந்தப் பிடிவாதமும் தேவைதான். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் பழக்கம் ஒயின் ரசனையைக் கெடுக்கும் பெரிய நோய். நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் வழக்கத்தையும் நான் அந்த நோயின் பக்கத்திலேயே வைப்பேன். போமாருக்குத் தொண்ணூற்று மூன்று, வொல்னேக்குத் தொண்ணூற்றிரண்டு என்றால் அந்த இரண்டு மண்ணைப் பற்றி என்ன தெரிந்துவிடுகிறது?

சரி, மண் இவ்வளவு பேசுகிறது என்றால் மனிதனின் கலை எங்கே? அடக்கிக்கொள்வதில் இருக்கிறது என்பேன். பினோ நுவாரின் தோல் மெல்லியது. நிறம் குறைவு, துவர்ப்பு குறைவு. கொஞ்சம் முரட்டுத்தனம் காட்டினாலும் தழும்பு ஒயினில் தெரிந்துவிடும். நொதிக்கும்போது மேலே மிதக்கும் தோல்களை மிதித்தோ தள்ளியோ கீழே அமுக்குவார்கள். அதிகம் அமுக்கினால் கசப்பு இறங்கும். புதிய ஓக் பீப்பாய் வெனிலா, வறுவல் வாசனைகளைத் தரும். அளவு மீறினால் எல்லாக் கிராமங்களும் ஒரே தச்சன் பட்டறை வாசனையில் மூழ்கும். காம்போடு நொதிக்க விடுவதா, காம்பை உதிர்த்துவிடுவதா என்பது தீராத வழக்கு. வோன் ரொமனே கிராமத்தின் ஆன்றி ஜாயே காம்பை முழுவதும் நீக்கிவிடுவார். 1922-இல் பிறந்து 2006-இல் மறைந்த அவருடைய ஒயின்களை இன்றும் தெய்வமாகத் தேடுகிறார்கள். அதே கிராமத்தின் ரொமனே கொந்தித் தோட்டத்தார் காம்போடு நொதிக்க விடுவதில் பெயர் பெற்றவர்கள். இரண்டு வழியிலும் மகத்தான ஒயின் வந்திருக்கிறது. நாங்கள் சந்தித்த அம்மையார் ஆண்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வாராம்: காம்பு பழுத்துப் பழுப்பேறிய வருடங்களில் கொஞ்சம் சேர்ப்பார், பச்சையாக இருந்தால் சேர்க்கமாட்டார். கொள்கையைவிடக் காம்பைப் பார்ப்பது எனக்கு உயர்வாகத் தெரிந்தது.

மறுநாள் க்ளோ த வூஜோ. 1098-இல் தொடங்கப்பட்ட சித்தோ மடத்துத் துறவிகள் பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த நிலம் இது. பதினான்காம் நூற்றாண்டில் முழுவதையும் மதில் கட்டி வளைத்தார்கள். ஐம்பது ஹெக்டேர், ஒரே மதில். உள்ளே பழைய கட்டடத்தில் திராட்சை பிழியும் ராட்சத மரப்பொறிகள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் உத்தரங்களைப் பார்த்தால் ஒரு காட்டையே கொண்டுவந்து நிறுத்தினாற்போல் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சி மடத்து நிலத்தைப் பறித்து விற்றது. பிறகு வந்த வாரிசுச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபங்கு என்றது. தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகித் துண்டாகி இன்று அந்த மதிலுக்குள் எண்பது உரிமையாளர்கள் அளவில் இருக்கிறார்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடிகள்தான் சொந்தம்.

இங்கேதான் என் மனம் அதிக நேரம் நின்றது. மதிலின் மேல்முனை நடுச்சரிவில், வடிகால் நன்றாக உள்ள சுண்ணாம்பு மண்ணில் இருக்கிறது. கீழ்முனை பெரிய சாலை வரை இறங்கிவிடுகிறது. அங்கே களி கனத்து, மழை பெய்தால் கால் புதைகிறது. சட்டத்தின் கண்ணுக்கு மேலும் கீழும் ஒன்றே, எல்லாம் கிரான் க்ரூ. துறவிகள் மேல், நடு, கீழ் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. அது உண்மையோ இல்லையோ, கீழ்ப்பகுதி ஒயினை மேற்பகுதி ஒயினின் விலைக்கு வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. அன்று மாலை போன் நகரில் ஒரு சிறு உணவகத்தில் செலவைப் பகிர்ந்துகொண்டு இரண்டு க்ளோ த வூஜோ பாட்டில்களைத் திறந்தோம். ஒரே ஆண்டு, ஒன்று மேல்பக்கக் கொடி, மற்றது சாலையோரம். மேல்பக்கத்தது திறந்ததிலிருந்து ஒவ்வொரு கால் மணிக்கும் மாறியது: முதலில் செர்ரி, பிறகு ஈரச் சருகு, பிறகு காளான். சாலையோரத்தது முதல் வாயிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நின்றது. பாரிஸ் நண்பருக்கு மட்டும் சாலையோரத்ததே பிடித்தது. உணவுக்கு அதுதான் பொருத்தம் என்று வாதாடினார். சிவப்பு ஒயினில் வேகவைத்த முட்டையும் வெங்காயமும் மேசையில் இருந்ததால் அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. கெட்டியான அந்தக் குழம்புக்கு முன்னால் நான் புகழ்ந்த ஒயின் கொஞ்சம் குரல் இறங்கித்தான் போனது. நிலவறையில் நின்று சுவைப்பது ஒன்று, இலை போட்டு உட்கார்ந்து அருந்துவது வேறு. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் வைத்து ஒயினுக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதை நண்பரின் பிடிவாதம் எனக்கு உறுதிப்படுத்தியது.

வோன் ரொமனேயில் ரொமனே கொந்தித் தோட்டத்தின் முன் எல்லாரும் நிற்பதுபோல் நாங்களும் நின்றோம். 1.8 ஹெக்டேர். முன்னால் ஒரு கல் சிலுவை, இடுப்பளவு மதில். 1760-இல் கொந்தி இளவரசர் வாங்கியதால் அந்தப் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேர்ப்பேன் வந்து பிரான்சின் கொடிகளை அழித்தபோது மற்றவர்கள் அமெரிக்க வேர்களில் ஒட்டுக்கட்டிப் பிழைத்தார்கள். இவர்கள் 1945 வரை பழைய வேரிலேயே காத்தார்கள். பிறகு பிடுங்கிப் புதிதாக நட்டு, 1952-இல்தான் மறுபடி அந்தப் பெயரில் ஒயின் வந்தது. ஆண்டுக்கு ஐந்தாறாயிரம் பாட்டில். மூன்று கொடி சேர்ந்தால்தான் ஒரு பாட்டில். அதன் விலையைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு சாதாரணக் கிராம ஒயினின் கொடிகள் நிற்கின்றன. அவற்றையும் யாரோ ஒருவர் அதே அக்கறையோடு வளைத்துக் கட்டியிருந்தார். இந்தச் சரிவை அறிய விரும்புபவருக்கு அந்தக் கிராம ஒயினே போதும், ஐந்து கிராமத்தில் ஐந்து பாட்டில்.

போன் நகரின் ஓத்தெல் தியூவைப் பார்க்காமல் வரக் கூடாது. பர்கண்டிப் பிரபுவின் அமைச்சர் நிக்கோலா ரோலேனும் அவர் மனைவி கிகோன் த சலேனும் 1443-இல் ஏழைகளுக்காக நிறுவிய மருத்துவமனை. வண்ண ஓடுகள் பின்னிய கூரை. 1971 வரை நோயாளிகள் இருந்தார்கள். நூற்றாண்டுகளாகப் பலர் எழுதிவைத்த கொடைகளால் அதற்கு இன்று அறுபது ஹெக்டேர் அளவுக்குத் தோட்டம் இருக்கிறது. அந்த ஒயின் 1859 முதல் நவம்பரின் மூன்றாம் ஞாயிறன்று ஏலம் போகிறது, பணம் அறப்பணிக்கு. நோயாளிக்கு வைத்தியம் செய்ய ஒரு ஊர் தன் சிறந்த கொடிகளை எழுதிக் கொடுத்திருக்கிறது என்பது பர்கண்டியைப் பற்றி எனக்குப் பிடித்த செய்திகளில் ஒன்று.

ஆளுவோரின் ஆணையும் இந்தச் சரிவில் வேலை செய்திருக்கிறது. 1395-இல் துணிச்சல்காரர் பிலிப் என்ற பிரபு, கமே என்ற திராட்சையை வேரோடு பிடுங்கச் சொன்னார். கமே மிகுதியாகக் காய்க்கும், சீக்கிரம் பழுக்கும், குடியானவருக்கு லாபம். ஆனால் இந்தச் சுண்ணாம்பு மண்ணில் அதன் ஒயின் மட்டம். தெற்கே போஜொலேயின் கருங்கல் மண்ணில் அதே கமே அற்புதமாக வருகிறது. பிலிப்பின் ஆணை அன்று பலரை வருத்தியிருக்கும். ஆனாலும் சரிவு முழுவதும் சிவப்புக்கு ஒரே திராட்சை என்ற இந்த அரிய நிலைக்கு அதுவும் ஒரு காரணம்.

மெர்சோ வெள்ளைக்குப் பெயர் போன கிராமம். ஒரு கிரான் க்ரூ கூட அதற்கு இல்லை. ஆனால் அதன் பெரியேர் நிலத்தின் ஷார்தொனேயைச் சுவைத்தவர்கள் அந்தக் குறையை ஒப்ப மாட்டார்கள். கல்லுடைத்த இடமாக இருந்த நிலம் அது. இளம் நிலவறைக்காரர் கிண்ணத்தை நீட்டியதும் நண்பரின் மனைவி முகர்ந்து, "தீக்குச்சி உரசின வாசம்" என்றார். சில நிமிடம் சுழற்றியபின், "இப்ப வெண்ணெய் காய்ச்சுற வாசம், பக்கத்துல வறுத்த முந்திரி" என்றார். இரண்டுமே சரி. முதலாவது காற்றுப்படாமல் ஈஸ்ட் படிவின்மேல் வளர்ந்ததால் வருவது, சுழற்றினால் ஒதுங்கிவிடும். கீழ்ச்சரிவில் இருக்கும் கிராம ஒயினைப் பக்கத்தில் வைத்தார் அந்த இளைஞர். அதில் முந்திரியும் வெண்ணெயும் இருந்தன. பெரியேரில் அவற்றின் பின்னால் எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினாற்போல் ஒரு கூர்மை, விழுங்கியபின் நிமிடக் கணக்கில் நீண்டது. அதை மட்டும் நான் துப்பவில்லை.

அந்த இளைஞர்தான் எங்களைச் சரிவின் உச்சிக்குக் கூட்டிப்போனார். போகும் வழியில் கொடி வரிசைகளுக்கு இடையே மெழுகு நிரப்பிய தகர டப்பாக்கள் அடுக்கியிருந்தன. ஏப்ரலில் உறைபனி வந்தால் இரவெல்லாம் இவற்றைக் கொளுத்தித் துளிரைக் காப்பார்கள். 2021 ஏப்ரலில் அப்படிக் காத்தும் ஷார்தொனேயில் பெரும்பங்கு கருகியது. குளிர்காலம் சூடாகிவிட்டதால் துளிர் முன்கூட்டியே வருகிறது. முன்கூட்டி வந்த துளிரைப் பழைய வழக்கப்படி வரும் பனி தின்றுவிடுகிறது. போன் நகரில் 1354 முதல் 2018 வரையான அறுவடைத் தேதிகளை ஆய்வாளர்கள் தொகுத்து 2019-இல் வெளியிட்டார்கள். 1988 முதல் அறுவடை, அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் சராசரியைவிடப் பதின்மூன்று நாள் முன்னதாக வருகிறது. அறுநூற்றறுபது ஆண்டுக் கணக்கில் கடைசி முப்பது ஆண்டு தனியே நிற்கிறது.

உச்சியில், காட்டை ஒட்டி, அவர் புதிதாக நட்ட கொடிகள் இருந்தன. பழுக்காது என்று அவர் தாத்தா கைவிட்ட குளிர்ந்த துண்டு அது. இப்போது நன்றாகப் பழுக்கிறதாம். முதல் அறுவடை ஒயினை ஒரு கைப்பீப்பாயிலிருந்து ஊற்றினார்: மெலிதானது, புளிப்பு நிமிர்ந்தது, உயிரோட்டமுள்ளது. அடுத்த ஐம்பது ஆண்டில் தரவரிசைக் கோடுகள் சரிவில் மேலேறுமா என்று காரில் திரும்பும்போது விவாதம் மூண்டது. ஏறித்தான் ஆகவேண்டும், கோடு போட்டவர்கள் அறிந்த வெப்பம் இப்போது இல்லை என்றார் வாத்தியார். வடிகால் மாறாதவரை நடுச்சரிவு நடுச்சரிவாகவே இருக்கும் என்று நான் சொன்னேன். அரிக்கமேட்டில் மத்தியதரைக்கடல் ஒயின் ஜாடிகளின் உடைசல் கிடைத்ததைச் சிறுவயதில் போய்ப் பார்த்திருக்கும் பாரிஸ் நண்பர், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் உலகம் கொண்டாடிய ஒயின் ஊர்களில் பலவற்றை இன்று யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை என்றார். அவர் மனைவி வண்டியை நிறுத்தாமலே, அந்த உச்சி ஒயினில் பச்சை மாவிலை வாசம் இருந்ததை நாங்கள் மூவருமே கவனிக்கவில்லை என்று சொன்னார். பின்னிருக்கையில் அதே ஒயின் ஒரு பாட்டில் இருந்தது. அன்றிரவு திறந்து பார்த்தோம், இருந்தது.